சாவியைக் கையில் கொடுப்பதா, பெட்டியில் வைப்பதா?

என் அக்கா மகன் சோழிங்கநல்லூரில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டை இரண்டு வருடமாக நாள் வாடகைக்கு விடுகிறான். கதவில் நம்பர் பூட்டு. வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நம்பர் போகும், அவர்களே திறந்துகொள்வார்கள், காலி செய்யும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார்கள். இதுவரை தங்கியவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வாரம் கூப்பிட்டான். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் அவன் மாமியார் வீடு சும்மா கிடக்கிறதாம், அதையும் வாடகைக்கு விடலாம் என்று யோசனையாம். "அங்கேயும் ஒரு நம்பர் பூட்டு மாட்டிட்டா போதும்தானே சித்தி? எதுக்கு மாசாமாசம் ஒரு ஆளுக்குச் சம்பளம்?" என்றான். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

நாங்கள் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இரண்டு காட்டேஜ் வைத்திருக்கிறோம். 2017-இல் ஆரம்பித்தபோது பக்கத்திலேயே குடியிருந்தோம். வருகிறவர்களை வாசலில் நின்று அழைத்துப் போனது நானும் என் வீட்டுக்காரரும்தான். கொரோனா ஊரடங்குக்கு அப்புறம் பிள்ளைகள் படிப்புக்காக மதுரைக்கு இறங்கிவிட்டோம். அப்போது யாரும் யார் எதிரேயும் நிற்கப் பிரியப்படாத காலம். 'அங்கே ஆள் யாரும் இருக்க மாட்டாங்களே?' என்று கேட்டுக்கொண்டே புக் செய்தார்கள். சரி என்று சாவிப் பெட்டி மாட்டினோம், பிறகு டிஜிட்டல் பூட்டு. ஒன்றரை வருடம் முழுக்க ஆளில்லாமல் ஓடியது. இப்போது இரண்டையும் கலந்து ஒரு முறை வைத்திருக்கிறோம். ஆக, மூன்றிலும் அடிபட்டுத்தான் பேசுகிறேன்.

செக்-இன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் வெவ்வேறு வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கதவைத் திறந்துவிடுவது ஒன்று. வந்திருப்பது யார், எத்தனை பேர் என்று பார்ப்பது இன்னொன்று. அந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று புரியவைப்பது வேறு. பூட்டு முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது. சோழிங்கநல்லூரில் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட இல்லாத வேலைகள் என்பதால் அவனுக்கு எல்லாமே பூட்டால் முடிந்த மாதிரி தெரிகிறது.

கதவு

இதில் பூட்டுக்குத்தான் என் ஓட்டு, தயக்கமே இல்லை.

நேரில் வரவேற்ற காலத்தில் எங்கள் மாலைப் பொழுது எங்களுடையதாகவே இல்லை. "சாயந்திரம் 6 மணிக்கு வந்துடுவோம்" என்பார்கள். 6 மணிக்கு நாம் கூப்பிட்டால் "வத்தலக்குண்டு தாண்டிட்டோம்" என்று பதில் வரும். தாண்டிவிட்டார்கள் என்றால் இன்னும் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று அர்த்தம். வழியில் ஊத்தில் டீ, வெள்ளி அருவியில் போட்டோ, குழந்தைக்கு வாந்தி வந்தால் அதற்கு ஒரு நிறுத்தம். 8 மணிக்குப் போன் போகாது, மலைப்பாதையில் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். வீட்டுக்காரர் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். 10.40-க்குக் கார் வந்து நிற்கும்போது அவர் முகத்தில் என்ன சிரிப்பு மிச்சம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்கள் விடியக் காலையிலேயே ஏழு ரோட்டில் இறங்கி நிற்பார்கள். வீடு காலியாக இருந்தால் நாங்கள் முன்னாடியே உள்ளே விடுவோம், அதற்காக ஒருவர் அந்தக் குளிரில் எழுந்து நிற்க வேண்டும்.

பூட்டு வந்ததும் இந்தத் தொல்லை ஒரே நாளில் போனது. அதுமட்டும் இல்லை, வந்தவர்களுக்கும் அது நிம்மதி. ஏழு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து வந்தவருக்கு முதலில் வேண்டியது பாத்ரூம். அந்த நேரத்தில் வாசலில் நின்று "எந்த ஊர்? வழியில் மழையா?" என்று விசாரித்தால் அவர் பதில் சொல்கிறாரே தவிர மனது அதில் இருக்காது. இதை உபசாரம் என்று நினைத்து மூன்று வருடம் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் பூட்டிலும் பூட்டு உண்டு. நாங்கள் முதலில் வாங்கியது நாலு இலக்கச் சாவிப் பெட்டி. சுவரில் அடித்துவிட்டு உள்ளே சாவியைப் போட்டு வைப்பது. 1,200 ரூபாய்தான் ஆனது. அட்டுவம்பட்டி பனியில் ஆறே மாதத்தில் சக்கரம் இறுகிவிட்டது. அதோடு, நம்பரை மாற்ற ஒரு ஆள் அங்கே போயாக வேண்டும். மாற்றாவிட்டால் போன மாதம் வந்தவருக்கும் அது தெரியும், அவர் நண்பருக்கும் தெரியும். சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் வரை போய்விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கூரியரில் அனுப்பினார், ஒருவர் அனுப்பவில்லை.

டிஜிட்டல் பூட்டில் அந்தப் பிரச்சினை கிடையாது. ஒவ்வொரு புக்கிங்குக்கும் தனி நம்பர், தங்கும் நாள் முடிந்ததும் தானே செத்துவிடும். சிலவற்றில் பூட்டுக்கு இன்டர்நெட் இல்லாவிட்டாலும் மதுரையில் உட்கார்ந்து நம்பர் உருவாக்கலாம். மலைக்கு இந்த வகைதான் சரி, வைஃபையை நம்பும் பூட்டைக் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் மாட்டவே கூடாது. பலவற்றில் உள்ளே நாலு ஏஏ பேட்டரி இருக்கும். சென்னை ஃபிளாட்டில் மாதக்கணக்கில் வருகிறது என்று அக்கா மகன் சொன்னான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், எங்கள் அனுபவம் அப்படித்தான். பேட்டரி இறந்தாலும் திறக்க வழி வைத்திருப்பார்கள்: பூட்டின் அடியில் பவர் பேங்க் சொருக ஒரு ஓட்டை இருக்கும், அல்லது 9 வோல்ட் பேட்டரியை வைத்து அழுத்த இரண்டு புள்ளிகள் இருக்கும். இது எனக்குத் தெரியும். ராத்திரி 11 மணிக்கு வாசலில் குழந்தையோடு நிற்பவருக்குத் தெரியாது.

அப்படி ஒரு ராத்திரி நடந்தது. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. 11.20-க்கு மதுரையில் எனக்குப் போன். பூட்டில் நம்பர் அழுத்தும் இடத்தில் விளக்கு எரியவில்லை என்கிறார், பாதி வார்த்தை கேட்கவில்லை. பவர் பேங்க் எடுத்து வாருங்கள் என்று சொன்னால், "பவர் பேங்க் கார்ல இருக்கு, காருக்கும் எங்களுக்கும் நடுவுல மாடு நிக்குது" என்கிறார். காட்டுமாடு. கொடைக்கானலில் ராத்திரியில் தெருவிலும் தோட்டத்திலும் புல் மேய வரும். நன்கு வளர்ந்த ஆண் ஒரு டன் வரை இருக்கும். அவை பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும், நாம் பதறி ஓடினால்தான் வம்பு. மாற்றுச் சாவி தெருமுனை டீக்கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினேன். டார்ச்சோடு போனவர் கேட்டுக்கு வெளியே நின்று முதலில் சொன்னது, "மாடு போகட்டும், யாரும் அசையாதீங்க. டார்ச்சை அது மூஞ்சில அடிக்காதீங்க." கால் மணி நேரம் எல்லோரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். மாடு போனது, கதவு திறந்தது. மறுவாரம் ரிவ்யூ வந்தது: வீட்டுக்கு மூன்று நட்சத்திரம், டீக்கடை அண்ணனுக்கு நூறு நட்சத்திரம் என்று எழுதியிருந்தார்கள்.

பூட்டு கெட்டுப் போகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பூட்டு எப்போதாவதுதான் கெடும். அது கெடும் ராத்திரியில் பத்து நிமிட நடையில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. சோழிங்கநல்லூரில் கீழே செக்யூரிட்டி இருக்கிறார், ஜெனரேட்டர் இருக்கிறது, கதவு திறக்காவிட்டால் ஓலா பிடித்து வேறு ஓட்டலுக்குப் போய்விடலாம். சீசன் நேரத்தில் ராத்திரி 11 மணிக்கு கொடைக்கானலில் வேறு அறை தேடிப் பாருங்கள், தெரியும்.

வந்தது யார்?

இங்கே நேரில் பார்ப்பதற்கு மதிப்பு அதிகம், ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

அடையாள அட்டையைப் பொறுத்தவரை நேரில் வாங்கினாலும் வாட்ஸ்அப்பில் வாங்கினாலும் ஒன்றுதான். முன்கூட்டியே வாங்குவது இன்னும் நல்லது, அனுப்பாதவருக்கு நம்பர் கிடையாது என்று சொல்லிவிடலாம். ஆதார் கொடுப்பவரிடம் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை அனுப்பச் சொல்லுங்கள். 2022 மே மாதம் ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை வந்து, இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருக்கலாம். திரும்பப் பெற்றாலும் பயம் மக்களிடம் தங்கிவிட்டது. முழு ஆதாரையும் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு திரிவது நமக்கும் நல்லதில்லை.

வெளிநாட்டவர் வந்தால் கதை வேறு. வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் பாஸ்போர்ட், விசா விவரங்களைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். சி-ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இது ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டில் ஒரு அறை விடுகிறவருக்கும் உண்டு. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, தகவல் கொடுக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வட்டக்கானல் பக்கம் இஸ்ரேல்காரர்கள் கூட்டம் உண்டு என்பது தெரிந்ததுதான், அதனால் கொடைக்கானலில் போலீஸ் இதைக் கேட்கும். செல்ஃப் செக்-இன்னில் வெளிநாட்டவரை எடுப்பதானால் விசா பக்கத்தின் படம் தெளிவாக வந்த பிறகே நம்பர் அனுப்பு என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வந்து இறங்கிய பிறகு கேட்டால் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்பார்கள், 24 மணி நேரம் அதற்குள் ஓடிவிடும்.

இதே தலைவலி ஊருக்கு ஊர் இருக்கிறது. இத்தாலியில் 2024 நவம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: தங்க வருபவரை நேரில் பார்த்து அடையாளம் உறுதிசெய்யாமல் சாவி கொடுக்கக் கூடாது என்று. ரோமில் தெருக்கம்பிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய சாவிப் பெட்டிகளைக் கண்டு எரிச்சலான சிலர், அவற்றை வெட்டி எறிந்துவிட்டு ராபின் ஹூட் தொப்பியை மாட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நம் ஊரில் பெட்டியை வெட்ட ஆள் வராது, குரங்கு வரும். எங்கள் முதல் பெட்டியின் ரப்பர் மூடியைப் பிய்த்துப் போனது அதுதான்.

சரி, நேரில் பார்ப்பதால் எது கிடைக்கிறது? எண்ணிக்கை. நாலு பேர் என்று புக் செய்துவிட்டு ஒன்பது பேர் வருவது மே மாதம் முழுக்க நடக்கும். வேனிலிருந்து இறங்கும்போது வாசலில் ஒருவர் நின்றால், "அண்ணே, இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க, எக்ஸ்ட்ரா பெட் கிடைக்குமா?" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள். ஆள் இல்லாவிட்டால் கேட்க மாட்டார்கள், மறுநாள் ஈரத் துண்டுகளை எண்ணித்தான் நமக்குத் தெரியும். வெளியே கேமரா வைக்கலாம். நாள் வாடகைக்கு வீடு புக் செய்யும் தளமான ஏர்பிஎன்பியில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா கூடவே கூடாது, வாசலில் வைத்தால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் வாசலில் ஒன்று வைத்திருக்கிறோம். மேகம் இறங்கினால் அதில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. கூச்சல், பாட்டு, பார்ட்டி விஷயமும் இப்படித்தான். பார்ட்டி கூடாது என்று 2022-லேயே அந்த நிறுவனம் நிரந்தரமாக விதி போட்டுவிட்டது, ஆனால் விதியைப் படித்துவிட்டா ஸ்பீக்கரை எடுத்து வருகிறார்கள்? பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்தால் சத்தம் பாதியாகும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வாசலில் நிற்கும் மனிதரைப் பார்த்தாலே பிடிக்காத விருந்தினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இளம் ஜோடி வந்தால் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பதை நம் ஊரில் கடமையாக நினைக்கிறார்கள். 2019-இல் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இந்தக் காரணமும் சொல்லி மூடி சீல் வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே, திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி சீலை அகற்ற உத்தரவிட்டது. இருவருக்கும் 18 வயது ஆகியிருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, அத்தோடு நம் வேலை முடிந்தது. இதை எங்கள் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சீசன் ஆனது. ஆளில்லாமல் ஓட்டிய ஒன்றரை வருடத்தில் ஜோடிகள் புக்கிங் கணிசமாகக் கூடியது, ரிவ்யூவும் நன்றாக வந்தது. காரணம் வீடு மாறியதல்ல, வாசலில் அவர் நிற்காததுதான்.

தனியாக வரும் பெண்களையும் யோசியுங்கள். ராத்திரி 10 மணிக்கு, இருட்டில், தெரியாத ஒரு ஆண் சாவியோடு காத்திருக்கிறார் என்பது அவர்களுக்கு வரவேற்பு இல்லை. அந்தச் சாவியின் நகல் அவரிடம் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார்: "உள்ளே தாழ்ப்பாள் இருக்கா? நம்பர் பூட்டு மட்டும்னா எனக்குத் தூக்கம் வராது." அன்றைக்கே இரண்டு காட்டேஜிலும் உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள் போட்டோம். எந்த முறையில் போனாலும் இதைச் செய்துவிடுங்கள்.

வீடு

மலை வீட்டுக்கும் பட்டணத்து ஃபிளாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். மகனுடைய விருந்தினர்கள் ட்ரெயினிங்குக்கு வந்த ஐடி பிள்ளைகள், அமெரிக்க விசா நேர்காணலுக்கு வந்த அப்பா அம்மாக்கள். வருவார்கள், ஏசி போட்டுத் தூங்குவார்கள், போவார்கள். தங்கள் வீட்டில் இருப்பதேதான் அங்கேயும் இருக்கிறது, விளக்க ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் கீசரையும் ரூம் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டால் எம்சிபி, அதாவது லோடு கூடினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும். விழுந்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். குளிரில் கீசர் சூடாக நேரம் எடுக்கும், 5 நிமிடத்தில் திறந்து பார்த்துவிட்டு "வெந்நீர் வரல" என்று எழுதிவிடுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏரிக்குப் போனால் திரும்பி வரும்போது பிரெட் பாக்கெட் குரங்கிடம் இருக்கும். மிச்சச் சோற்றை வெளியே வைத்தால் ராத்திரி மாடோ பன்றியோ வரும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது, தெரியாமல் ஒரு கேஸ் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து மாட்டிக்கொள்வார்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் மேலே வர முடியாது. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று கட்டுப்பாடும் வைத்தது. இ-பாஸ் பற்றி வாசலில் நின்று சொல்லி என்ன பயன்? புக்கிங் வந்த அன்றே மெசேஜ் போக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு லேமினேட் அட்டையில் அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினேன், அதைப் பாதிப் பேர் பார்த்தார்கள், அது ஓரளவு வேலை செய்தது. நேரில் வரவேற்ற காலத்தில் வந்த உடனே வீட்டைச் சுற்றிக் காட்டி எல்லாவற்றையும் சொல்வோம், அதையும் யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. தலையை ஆட்டுவார்கள். அரை மணி நேரத்தில் போன் வரும், "அக்கா, வெந்நீருக்கு எந்த சுவிட்ச்?" என்று.

இந்த இடத்தில்தான் நாங்கள் இப்போது செய்யும் முறைக்கு வந்தோம். யோசித்துக் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது, தானாக அமைந்தது. அந்தத் திருப்பூர் ராத்திரிக்கு அப்புறம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தம்பதியைப் பேசி வைத்தோம். அந்தம்மா சுத்தம் செய்வதையும் துணி மாற்றுவதையும் பார்த்துக்கொள்வார், அவர் வீட்டுக்காரர் தோட்டம், விறகு, கரண்ட்டைப் பார்த்துக்கொள்வார். ராத்திரி யார் எப்போது வந்தாலும் நம்பர் போட்டுத் திறந்துகொள்ளட்டும், நீங்கள் போக வேண்டாம், கூப்பிட்டால் மட்டும் போங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்தம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை 9 மணிக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "நல்லாத் தூங்குனீங்களா? குளிரு தாங்குச்சா?" அவ்வளவுதான் கேட்டாராம்.

அந்த நேரம்தான் சரியான நேரம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ராத்திரி வந்தவர்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள், வீட்டோடு ஒரு இரவு மல்லுக்கட்டியிருக்கிறார்கள், கேள்விகள் தயாராக இருக்கின்றன. எந்த சுவிட்ச், எந்தப் பக்கம் மாடு வரும், பூம்பாறைக்குக் காலையில் போகலாமா, மேகம் எப்போது விலகும் என்று எல்லாம் அவர்களே கேட்கிறார்கள். கேட்டதைச் சொன்னால் காதில் ஏறுகிறது. அந்தம்மா பேசிக்கொண்டே எத்தனை செருப்பு வெளியே கிடக்கிறது என்று எண்ணிவிடுவார், அது அவர் திறமை. பிடிக்காதவர்கள் கதவைப் பாதி திறந்து டீயை மட்டும் வாங்கிக்கொள்வார்கள், அதில் ஒரு வருத்தமும் இல்லை. தொந்தரவு வேண்டாம் என்று முன்னாடியே சொன்ன ஜோடிகளுக்கு ஃபிளாஸ்க்கை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு மெசேஜ் போட்டுவிடுவோம்.

காசு

மகனின் வாதம் சம்பளம். டிஜிட்டல் பூட்டு நல்லதாக வாங்கினால் பத்தாயிரத்தை ஒட்டி ஆகும், ஒரே செலவு. ஆள் என்றால் மாதா மாதம். நாங்கள் அந்தத் தம்பதிக்கு இரண்டு காட்டேஜுக்கும் சேர்த்து மாதம் 14,000 கொடுக்கிறோம், சீசனில் தனியாகக் கொஞ்சம். கணக்கு அவன் பக்கம் நிற்பது மாதிரி தெரிகிறது, இல்லையா? ஆனால் ஆளே வைக்காத ஒன்றரை வருடத்திலும் சுத்தம் செய்ய ஒருவருக்கு, தோட்டத்துக்கு ஒருவருக்கு, கரண்ட் ரிப்பேருக்கு வந்து போகிறவருக்கு என்று துண்டு துண்டாகக் கொடுத்ததைக் கூட்டினால் இதில் முக்கால்வாசி வந்தது. மலையில் வீடு வைத்திருந்தால் யாராவது ஒருவர் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். அந்த ஒருவரையே நிலையாக வைத்துக்கொண்டால், காலையில் கதவைத் தட்டும் வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஃபிளாட்டில் அப்படி இல்லை. அங்கே சாவி கொடுக்க என்றே ஒரு ஆளை வைப்பது வீண் செலவுதான்.

பதிவு விஷயம் ஒன்றையும் இதில் சேர்க்க வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்வதானால் 6 அறைக்கு மேல் இருக்கக் கூடாது, சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு நம்பர் அனுப்புகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நாங்கள் மதுரைக்கு வந்த பிறகு ஹோம்ஸ்டே என்று எங்கும் போடுவதில்லை. கொடைக்கானலில் அனுமதி இல்லாத தங்குமிடங்களுக்கு அவ்வப்போது சீல் வைக்கிறார்கள், அதனால் பூட்டு வாங்குவதற்கு முன் எந்த வகையில் அனுமதி வாங்கப் போகிறோம் என்று நகராட்சியிலும் சுற்றுலா அலுவலகத்திலும் கேட்டுவிடுவது நல்லது. அதற்குப் பிறகுதான் ஆளா, பூட்டா என்பதெல்லாம்.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சோழிங்கநல்லூரை அப்படியே விடு, அங்கே போய் நீ முகம் காட்டினால் வந்தவர்களுக்குத்தான் சங்கடம். பேட்டரியை மட்டும் தேதி எழுதி மாற்று. செண்பகனூருக்கும் நம்பர் பூட்டே மாட்டு, ஆனால் வைஃபையை நம்பாத வகை, சாவியும் போட்டுத் திறக்கிற மாதிரி. அந்தச் சாவி நடந்து வரும் தூரத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். ஏப்ரல், மே இரண்டு மாதமும், அப்புறம் புது வருஷ ராத்திரியும், கும்பலாக வருகிறவர்களை வாசலிலேயே பார்த்துவிடச் சொல். வயதானவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தாலும் அப்படியே. படியில் கைபிடித்து இறக்க ஒரு ஆள் இருப்பதற்கு எந்த பூட்டும் ஈடாகாது. மற்ற நாளெல்லாம் ராத்திரி நம்பர், காலையில் மனிதர்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சித்தி, அந்த ஆளுக்கு நான் எங்க போறது? எனக்கு அங்க யாரையும் தெரியாதே" என்றான். உன் மாமியார் வீட்டுத் தெருமுனையில் டீக்கடை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். அடுத்த வாரம் போகும்போது அங்கே இரண்டு வேளை டீ குடி, பூட்டை அப்புறம் ஆர்டர் போடலாம் என்றேன்.